வெள்ளாட்டுக் குட்டிகளில் யூரியா நச்சு: விழுக்காட்டு விதி ஏன் போதாது?

தீவனத்தில் யூரியா சேர்ப்பதற்கு நெடுங்காலமாக ஒரு விதி சொல்லப்பட்டு வருகிறது. அடர்தீவனத்தில் 3 விழுக்காடு, மொத்தத் தீவனத்தில் 1 விழுக்காடு, அதற்குமேல் கூடாது. வளர்ந்த மாட்டுக்கு இது பொருந்தும். பால் மறக்கும் பருவத்து வெள்ளாட்டுக் குட்டியை இந்த விதி காப்பாற்றாது. குட்டிகளுக்கு யூரியாவின் வரம்பை வயதைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. கணக்குப்படி ஒரு கிலோ யூரியா, ஏறத்தாழ 2.9 கிலோ புரதத்துக்கு ஈடு. கடலைப் புண்ணாக்கு விற்கும் விலையில் இதன் கவர்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யூரியா புரதமன்று. முதல் இரைப்பையிலுள்ள பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை அம்மோனியாவாக உடைத்து, மாவுப்பொருளின் ஆற்றலைக் கொண்டு தம் உடற்புரதமாக மாற்றினால்தான் ஆட்டுக்குப் பயன். உடைவது விரைவாக நடந்துவிடுகிறது. புரதமாவதோ மெல்ல நடக்கிறது. மிஞ்சி நிற்கும் அம்மோனியாவே நஞ்சு.

இதில் இரைப்பை நீரின் பி.எச். அளவு முக்கியமானது. மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் இரைப்பைச் சுவரை எளிதில் கடப்பதில்லை. மின்னேற்றமற்ற அம்மோனியா தாராளமாகக் கடக்கும். பி.எச். 6 ஆக இருக்கும்போது கடக்கக்கூடிய வடிவம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்; 8 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்கு. அம்மோனியா தானே காரம் என்பதால் அது சேரச் சேர பி.எச். ஏறுகிறது, ஏற ஏற உறிஞ்சலும் கூடுகிறது. கல்லீரல் அதைத் திரும்ப யூரியாவாக்கும் வேகத்தை மீறி இரத்தத்தில் கலந்ததும் மூளையும் இதயமும் தாக்குண்கின்றன. வெறும் வைக்கோலைத் தின்று கிடந்த ஆடும் பட்டினி கிடந்த ஆடும் முதலில் சாவதற்குக் காரணம் இதுவே: அவற்றின் இரைப்பையில் அமிலமும் குறைவு, மாவுப்பொருளும் குறைவு.

பிறந்த குட்டிக்கு நான்காம் இரைப்பையே பெரிது. குடிக்கும் பால் உணவுக்குழாய்ப் பள்ளத்தின் வழியே நேராக அங்கே போகிறது. ஆகவே இளங்குட்டிக்கு யூரியாவால் பெரிய கேடில்லை என்று வாதிடுவோர் உண்டு. முதல் இரண்டொரு வாரங்களுக்கு அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஆபத்து அதற்கு அடுத்த பருவத்தில் இருக்கிறது. தழை கடிக்கத் தொடங்கியதும் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. யூரியாவை உடைக்க வழி பிறந்துவிடுகிறது. பழக்கப்படாத அந்த இரைப்பையில் அம்மோனியாவைப் பயன்படுத்தும் திறன் மட்டும் பின்தங்குகிறது. வளர்ந்த ஆட்டையே இரண்டு மூன்று வாரம் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டியிருக்கிறது. ஓரிரு நாள் நிறுத்தினால் அந்தப் பழக்கமும் போய்விடும்.

இனி அளவைப் பார்ப்போம். பழக்கமில்லாத அசைபோடும் கால்நடைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 கிராம் வரை யூரியா நச்சாகலாம். 1 முதல் 1.5 கிராம் பெரும்பாலும் உயிரைக் குடிக்கும். 400 கிலோ பசு, 3 விழுக்காடு யூரியா கலந்த அடர்தீவனம் 4 கிலோ தின்றால் கிலோவுக்கு 0.3 கிராம் சேர்கிறது. அதுவும் இரு வேளையாகப் பிரிந்து. 8 கிலோ குட்டி, தாயின் தொட்டியில் தலையை நுழைத்து அதே தீவனத்தில் 200 கிராம் தின்றால் கிலோவுக்கு 0.75 கிராம், ஒரே மூச்சில். விழுக்காடு மாறவே இல்லை. நஞ்சு இரண்டரை மடங்கு. கலவை சரியாகக் கலக்காமல் ஒரு கட்டி அகப்பட்டாலோ, உரச்சாக்கை நக்கினாலோ, உள்ளே போகும் அளவை எந்த விழுக்காடும் கட்டுப்படுத்தாது.

அறிகுறிகள் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் தெரிகின்றன. காதும் உதடும் துடிக்கும், வாயில் நுரை தள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும், வயிறு உப்பும், நடை தள்ளாடி, கழுத்து பின்னுக்கு வளைந்து, வலிப்பில் கால்களை உதைத்துச் சாகும். கிராமத்தில் இதைப் பார்ப்பவர் துள்ளுமாரி என்றுதான் சொல்வார். அந்த நோயும் நன்றாகத் தின்று வளரும் குட்டியைத் திடீரென வீழ்த்துவதே. யூரியாச் சாவுகளில் ஒரு பகுதியேனும் துள்ளுமாரிக் கணக்கில் போகின்றன என்று நான் கருதுவது இதனால்தான். பிரித்தறிவது கடினமன்று. செத்தவுடன் முதல் இரைப்பையைத் திறந்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும், பி.எச். தாள் 7.5க்கு மேல் காட்டினால் யூரியாவை ஐயுற வேண்டும். தாமதித்தால் அழுகலிலேயே அம்மோனியா உண்டாகிவிடும் என்பதால், வெயில் காலத்தில் சில மணி நேரம் கிடந்த உடலின் மாதிரி பயன்படாது.

மருந்தாக வினிகரும் குளிர்ந்த நீரும் தரப்படுகின்றன. வினிகர் பி.எச்.சைக் குறைத்து உறிஞ்சலைத் தடுக்கிறது. குளிர்ச்சி யூரியேஸின் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் வலிப்பு கண்ட குட்டியின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்; கால்நடை மருத்துவர் இரைப்பைக் குழாய் வழியாகத்தான் செலுத்த வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆகவே தடுப்பதே வழி. ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கு யூரியா கலந்த தீவனமோ, நக்குக்கட்டியோ, யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோலோ எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. குட்டிகளுக்குத் தாய்கள் எட்டாத தனித் தொட்டி வேண்டும். தாய்களின் தொட்டி குட்டிகளுக்கு எட்டக் கூடாது. தீவன மூட்டையில் யூரியாவின் விழுக்காட்டை அச்சிடுவோர், அதன் பக்கத்திலேயே வயது வரம்பையும் அதே பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும்.