ராயலசீமா தனி மாநிலக் கோரிக்கை

ஆந்திரப் பிரதேசத்தின் பழைய கர்நூல், கடப்பா, அனந்தபூர், சித்தூர் மாவட்டங்களைத் தனி மாநிலமாக்க வேண்டும் என்று அவ்வப்போது எழுந்து அடங்கும் கோரிக்கை.

இப்பகுதியின் பெரும்பகுதியை 1800இல் நிஜாம் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். சித்தூரும் திருப்பதியும் அதில் சேரவில்லை. அவை வட ஆர்க்காட்டு ஊர்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது கடப்பாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்கள் அவற்றோடு வந்து சேர்ந்தன. சித்தூரைப் பாதி ராயலசீமா என்றுகூடச் சொல்லலாம்.

தெலுங்குப் பகுதிகள் சென்னை மாகாணத்திலிருந்து தனி மாநிலமாகப் பிரிந்தால் கடலோர டெல்டாக்காரர்கள் ஆதிக்கம் செலுத்துவார்களே என்பது வறண்ட ராயலசீமாவின் அச்சம். அதைத் தணிக்கவே 1937 நவம்பர் 16 அன்று மயிலாப்பூரில், காசிநாதுனி நாகேசுவர ராவின் ஸ்ரீபாக் இல்லத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ராயலசீமாவுக்கு அது வாக்களித்தவை: பாசனத்தில் முன்னுரிமை, அனந்தபூரில் ஒரு பல்கலைக்கழக மையம், தலைநகர், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்று.

1953 அக்டோபர் 1 அன்று பிறந்த ஆந்திர மாநிலத்துக்குக் கர்நூல் தலைநகரானது. அலுவலகங்கள் கூடாரங்களில்கூட நடந்தன. மறு ஆண்டு திருப்பதிக்கு வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் கிடைத்தது. 1956இல் தெலங்கானா இணைந்ததும் தலைநகர் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

இதற்கிடையே தமிழகமும் உரிமை கோரியது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் சித்தூரையும் திருப்பதியையும் கேட்டுப் போராடியது. எல்லைத் தகராறில் பட்டாஸ்கர் அளித்த பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. ஏழுமலையான் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டார்.

தனித் தெலங்கானா கிளர்ச்சியின்போது ராயலசீமா கோரிக்கை மீண்டும் தலைதூக்கியது. தெலங்கானா சிக்கலை ஆராய மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2010இல் ஆராய்ந்த வழிகளில், ராயலசீமாவையும் தெலங்கானாவையும் ஒரே மாநிலமாக்கும் 'ராயல-தெலங்கானா'வும் ஒன்று. பின்னர் அனந்தபூர், கர்நூலை மட்டும் தெலங்கானாவோடு சேர்க்கும் யோசனை டெல்லியில் அடிபட்டது. அது நடந்திருந்தால் சித்தூரும் கடப்பாவும் கடலோரத்தோடு தனியே நின்றிருக்கும்.

கோரிக்கை வலுப்பெறாததற்குத் தண்ணீரைவிடப் பதவியே பெரிய காரணம் எனத் தோன்றுகிறது. சஞ்சீவ ரெட்டி, சஞ்சீவய்யா, ராஜசேகர ரெட்டி எனப் பல முதல்வர்கள் இம்மண்ணின் பிள்ளைகள். தெலங்கானா பிரிவினையை எதிர்த்துப் பதவி விலகிய கிரண்குமார் ரெட்டியும், பிரிந்த மாநிலத்தின் முதல் முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் சித்தூர் மாவட்டத்துக்காரர்களே. பெரிய மாநிலத்தையே ஆள வாய்ப்பிருக்கும்போது, சிறியதைக் கேட்டுத் தெருவில் இறங்க எந்தத் தலைவருக்கு மனம் வரும்?

கர்நூலை நீதித் தலைநகராக்க 2020இல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு சட்டம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றது. 2024 நவம்பரில், அங்கே உயர் நீதிமன்றக் கிளை அமைக்கக் கோரும் தீர்மானத்தை ஆந்திரச் சட்டமன்றம் நிறைவேற்றியது.