பட்டமில்லாத குருபரம்பரை

குருவில்லா வித்தை பாழ் என்பது பழமொழி. மானிடப் பாரம்பரியவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஜே. பி. எஸ். ஹால்டேன் (1892-1964) விஞ்ஞானத்தில் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். ஆக்ஸ்போர்டில் 1914இல் அவர் முடித்தது பண்டை வரலாறும் தத்துவமும் அடங்கிய கலைப் படிப்பேயாகும். அங்ஙனமாயின் அவருடைய குரு யார்?

தந்தையே முதற்குரு. ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கத்து நச்சுவாயுக்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர்; தம் உடலையே சோதனைக் களமாக்கியவர். ஒருமுறை, மீதேன் வாயு மண்டிய சுரங்கத்தில் மகனை நிறுத்தி, ஷேக்ஸ்பியர் நாடக வசனமொன்றைச் சொல்லப் பணித்தார். மூச்சு முட்டிச் சிறுவன் கீழே சாய்ந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தது. அவ்வாயு காற்றைவிட இலேசானது என்ற பாடம் பிறகு மறக்கவேயில்லை. மெண்டலின் விதிகளைப் பற்றிய சொற்பொழிவுக்கு 1901இல் மகனை அழைத்துச் சென்றவரும் அவரே.

கேம்பிரிட்ஜில் உயிர் இரசாயன மேதை ஹாப்கின்ஸின்கீழ்ப் பணியாற்றிய ஹால்டேன், பின்னர் லண்டனில் பேராசிரியரானார். குருதி உறையா நோய்க்குரிய ஜீன் மாற்றம் மனிதரிடையே புதிதாகத் தோன்றும் வீதத்தை 1935இல் கணித்தார். அந்நோயும் நிறக்குருடும் பிணைந்து வருவதை 1937இல் ஜூலியா பெல்லுடன் சேர்ந்து நிறுவினார்.

1957இல், பிரிட்டனின் சூயெஸ் படையெடுப்பைக் காரணங் காட்டித் தாயகம் துறந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தார், பாரதப் பிரஜையுமானார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்காமல், கண்முன் உள்ளதை எண்ணிக் கணக்கெடுங்கள் என்பதே இளைஞருக்கு அவர் காட்டிய நெறி. அவ்வழி நின்ற மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, ஆந்திரத்தில் உறவினருக்குள் நிகழும் மணங்களின் விளைவுகளை ஆராய்ந்தார். மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுக்கும் வழக்கம் நம்மவர்க்கும் புதியதன்று; ஆதலின் அவ்வாராய்ச்சி நம் வீட்டு விஷயமே.

1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் ஹால்டேன் காலமானார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பெற்றது. தம் உடலில் சோதித்துக் கற்பித்தார் தந்தை. மறைந்த பின்னும் தம் உடலால் கற்பித்தார் மைந்தர்.

பிள்ளைகளுக்குப் பட்டம் தேடித் தருவது நம் கடமைதான். ஆயினும், பார்த்ததை ஐயுற்று ஆராயும் பழக்கத்தை வீட்டிலேயே ஊட்டுவோமாயின், குருபரம்பரை அங்கேயே தொடங்கிவிடும்.