சூரியன் எழுதிய நாட்குறிப்பு

மழைக்கும் வெப்பத்துக்கும் அளவுகோல்கள் வந்த பின்னரும், வானிலைக் குறிப்பேடுகளில் வெயில் நெடுங்காலம் சொற்களிலேயே வாழ்ந்தது. 'இன்று நல்ல வெயில்' என்று எழுதியவரின் கண்ணை நாம் நம்பவேண்டியிருந்தது.

1853இல் எழுதுகோலைச் சூரியனிடமே கொடுத்தவர் ஜான் பிரான்சிஸ் கேம்ப்பெல். இலக்கிய அன்பர்கள் அவரை வேறொரு பணிக்காக அறிந்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டுக் கதைகளைக் கேலிக் மொழியிலேயே தொகுத்து, 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். சொல்பவர் சொன்னபடியே, மெருகேற்றாமல் பதிவதே அவரது நெறி.

அவரது வெயில்மானியும் அத்தகையதே. மரக்கிண்ணத்தின் நடுவே நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம். அது குவிக்கும் கதிர் மரத்தைக் கருக்கும், மேகம் மறைத்தால் சுவடு அறுபடும். ஆனால் மாதக்கணக்கில் ஒரே கிண்ணம் இருந்ததால், அடுத்தடுத்த நாட்களின் சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பருவம் தெரிந்தது, நாள் தெரியவில்லை.

1879இல் கணித அறிஞர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் மரத்துக்குப் பதிலாக உலோகச் சட்டமும் அன்றாடம் மாற்றும் அட்டையும் அமைத்தார். அட்டைகள் மூவகை: கோடைக்கு நீண்ட வளைவு, குளிர்காலத்துக்குக் குறுகிய வளைவு, சம இரவு நாளையொட்டி நேரான அட்டை. அந்நாட்களில் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறைவதால் சுவடும் நேராக விழுகிறது. பிரித்தானியாவில் மார்ச் தொடக்கத்தில் வளைந்த அட்டையை எடுத்துவிட்டு நேரான அட்டையைச் செருகுவார்கள். வசந்தம் பூவில் தெரியுமுன்னே அட்டையில் தெரிந்துவிடுகிறது.

எனினும் இதுவும் கலப்பற்ற சாட்சியன்று. இளவசந்தக் காலையில் கோளத்தின்மீது உறைபனி படியும். தாழ்ந்த கதிருக்கு அட்டையைக் கருக்கும் வலுவிராது. (சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டும் நேரடிக் கதிரையே இன்றைய வரையறை வெயில் எனக் கணக்கிடுகிறது.) மேகங்கள் விட்டுவிட்டு வந்தாலோ கருகல் பரவி, வெயில் உள்ளதினும் மிகுந்து தோன்றும். சுவடு எங்கே முடிகிறது என்பதை இறுதியில் ஒரு மனிதரே தீர்மானிக்கவேண்டும்.

ஆகவே, பதிவின் நேர்மை பதிவாளரை மறைப்பதில் இல்லை. கேம்ப்பெல் கதைகளோடு சொன்னவரின் பெயரையும் ஊரையும் குறித்தார். வெயில் அட்டைகளின் பின்புறத்திலும் நிலையத்தின் பெயரையும் நாளையும் யாரோ ஒருவர் கையால் எழுதிவைத்தார். சூரியன் எழுதிய வரியை நாம் படிக்க முடிவது அந்தக் கையெழுத்தினால்தான்.