தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் கற்ற முறை

கி.பி. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுச்சோ ஆகிய இரு செருமானியருக்கும் தமிழ் தெரியாது. அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக். எனினும் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியரும் ஊராரும் உரையாட உதவியது டேனிய மொழியன்று, போர்த்துகீசியமே. எனவே இருவரும் முதலில் அதனையே பயின்றனர்.

சீகன்பால்கு விரைவில் தமிழின்பால் திரும்பினார். முதிய ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்துகள் கைவந்தன, பொருள் விளங்கவில்லை. ஆசிரியர்க்குப் போர்த்துகீசியம் தெரியாது. இக்குறையை நீக்கியவர் அழகப்பன். டேனியக் குழுமத்தில் துபாசியாக இருந்த இவர் போர்த்துகீசியத்துடன் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் இவர் வழியே போர்த்துகீசியமாகி, அதன் பின்னரே சீகன்பால்கின் தாய்மொழிக்குச் சென்றது. தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் பலர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று.

இடைமொழியின் துணை நெடுநாள் தேவைப்படவில்லை. சீகன்பால்கு ஓலைச்சுவடிகளைத் திரட்டி, படிக்கச் செய்து கேட்டார். 1708இல் அவர் எழுதிய நூற்பட்டியலில் 119 தமிழ் நூல்கள் விளக்கப்பட்டுள்ளன. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711இல் நிறைவெய்தியது. தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சேறியது.

1716இல் ஹாலே நகரில் வெளிவந்த அவரது தமிழ் இலக்கணம் இலத்தீனில் அமைந்தது. வேற்றுமையும் வினையும் இலத்தீன் சட்டகத்தில் அடுக்கப்பட்டிருப்பினும், அதில் விளக்கம் பெறுவது செய்யுள் தமிழன்று. அன்றாட வழக்குத் தமிழ்.