சுருதி கெடாத விளம்பம்

இசைத்தட்டைக் குருவாகக் கொண்டவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. குரு கடுகி வாசிப்பார். "சற்று நிதானமாக" என்று அவரிடம் கேட்டுக்கொள்ள முடியாது. தட்டின் சுழற்சியைக் குறைத்தாலோ, சுருதியும் கூடவே இறங்கிவிடும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 16⅔ சுற்றில் விட்டால், காலம் இரட்டிக்கும். ஸ்வரமோ ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். அமெரிக்காவில் சார்லி பார்க்கரின் சாக்ஸபோன் வாசிப்பைப் பாடம் செய்த ஜாஸ் மாணாக்கர்கள் இந்தக் கஷ்டத்தோடுதான் பழகினார்கள்.

காலத்தையும் சுருதியையும் பிரிக்கும் வழி சங்கீத மண்டபத்தில் பிறக்கவில்லை. 1954-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பேர்பாங்க்ஸ் குழுவினர், சுழலும் தலைகள் கொண்ட ஒலிநாடா இயந்திரத்தால் பேச்சை நீட்டியும் சுருக்கியும் காட்டினார்கள். 1966-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் பிளானகனும் கோல்டனும் 'பேஸ் வோகோடர்' முறையை வெளியிட்டார்கள். பேச்சைச் சிக்கனமாக அனுப்புவதே அவர்களுடைய கவலை! ஒலியை அதிர்வுக் கூறுகளாகப் பகுத்து, காலத்தை மட்டும் நீட்டி, மறுபடி கோத்துத் தரும் வித்தை அது.

2000-ல் வெளிவந்த ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள், இத்தகைய வித்தைகளைச் சாமானியனின் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்து சேர்த்தன. காசு கொடுத்துக் கற்க இயலாத பிள்ளைக்கு இது சிறிய வரமா?

ஆனால், அளவு மீறி இழுத்தால் தாளவாத்தியத்தின் அடி குழைந்துபோகும். கணத்தில் பிறந்து கணத்தில் மறைவதுதானே அதன் அழகு? மெதுவாகக் கேட்டது வழி தெரிந்துகொள்ளத்தான். பிறகு பழைய வேகத்தில் கேட்டே ஆகவேண்டும். அந்த வேகத்தை எட்டுவதற்கு விரல்தான் உழைக்க வேண்டும்.