குதிரையைப் பழக்குதல்

குதிரையின் இயல்பறிந்து அதன் நடத்தையைச் சீராக்கும் பயிற்சி. இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், 1880இல் ரயில் பாதை எட்டும் முன்பே, கோப்பித் தோட்டத் துரைமார் மலைப்பாதைகளில் குதிரையேறித் திரிந்தனர். கடிவாளம் துரையிடம் இருந்தாலும், தீனி வைத்து, உடம்பு தேய்த்து, குதிரையின் குணமறிந்தவர் குதிரைக்காரரே. தோட்ட வரலாற்றில் அந்த உழைப்புக்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

குதிரை இரைவிலங்கு, அஞ்சினால் ஓடுவதே அதன் தற்காப்பு. இலங்கையின் நெடுந்தீவில் கட்டற்று மேயும் குதிரைக் கூட்டங்களிடம் இதை நேரில் காணலாம். பக்கவாட்டுக் கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்குப் பின்னும் மட்டும் பார்வை எட்டாது. ஆகவே குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக நெருங்க வேண்டும். காதுகள் பின்னோக்கிப் படிந்தால் சினம்.

பயிற்சியின் கரு, அழுத்தமும் தளர்வும். வாரை மெல்ல இழுத்து, குதிரை ஓரடி பின்வாங்கிய கணமே தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வுதான் பாடம். தாமதித்தால் எதற்காக விடுபட்டோம் என்பது அதற்குப் புரியாது. அடித்துப் பணியவைத்தால் அச்சமே வளரும்; கிரேக்கரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே மென்மையான பழக்கத்தை வலியுறுத்தி எழுதினார். திடீரென உதைக்கும், கடிக்கும் குதிரைக்கு முதலில் பல், முதுகு, குளம்பு, சேணத்தின் பொருத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வலியைத் திமிரென்று எண்ணித் தண்டிப்பது கொடுமை.