முன்னிலையும் படர்க்கையும்: ஆங்கிலத் துயரமொழியின் ஒரு திருப்பம்

ஆங்கிலத்தில் துயரத்தைக் குறிக்கும் சொற்களை விளக்குவோர் பெரும்பாலும் சொல்லின் பிறப்பைக் கொண்டே அதன் இயல்பைத் தீர்மானிக்கின்றனர். 'சாரோ', 'மோர்ன்' ஆகியவை பழைய ஆங்கிலச் சொற்கள், ஆகவே நெஞ்சுக்கு நெருக்கமானவை. 'லமென்ட்', 'கண்டோலன்ஸ்' ஆகியவை லத்தீன் வழி வந்தவை, ஆகவே சம்பிரதாயமானவை என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை எளிமையானது, ஆனால் சான்றுகளுக்கு ஈடுகொடுப்பதில்லை. உற்றாரை இழந்தவரின் ஆழ்ந்த துயரைச் சொல்ல இன்று முதலில் நாவில் வருவது 'கிரீஃப்'. அது நார்மானியர் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு வழியாக நுழைந்த சொல். பாரத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மாறாக, பழைய ஆங்கிலத்தில் துயரத்தையே குறித்த 'கேர்' இன்று அக்கறை, பராமரிப்பு என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. எனவே பிறப்பை விட்டுவிட்டு, துயரச் சொல் யாரை நோக்கிப் பேசப்பட்டது என்று கேட்க வேண்டும். ஒப்பாரியை ஆராயும் தமிழ் அறிஞருக்கு இக்கேள்வி புதிதன்று. விளி இல்லாமல் ஒப்பாரி இல்லை. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறந்தவர் முன்னிலையிலிருந்து படர்க்கைக்கு மாற்றப்பட்டார் என்பதும், பிற்கால ஆங்கிலத் துயரமொழியின் போக்கை அம்மாற்றம் பெரிதும் வகுத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இடைக்கால இங்கிலாந்தில் சாவு உறவை முறிக்கவில்லை. இறந்தவரின் ஆன்மா உத்தரிக்கும் தலத்தில் துன்புறுகிறது. வாழ்வோரின் செபம் அதற்கு உதவும் என்பது நம்பிக்கை. இறந்தோருக்கான வழிபாட்டின் மாலைப் பகுதி 'பிளாசிபோ' என்றும் விடியல் பகுதி 'டிரிகே' என்றும் அவற்றின் தொடக்க லத்தீன் சொற்களால் வழங்கப்பட்டன. இந்த 'டிரிகே'தான் 'டர்ஜ்' ஆயிற்று. இன்று அச்சொல்லுக்குச் சோகப்பாடல் என்பதே பொருள். அன்று அது இறந்தவருக்காக ஆற்றப்பட்ட ஒரு பணியின் பெயர். சீர்திருத்தச் சமயத்தின் வருகையோடு, ஆன்மாக்களுக்காகப் பூசை நடத்திவந்த அறக்கட்டளைகளை 1547ஆம் ஆண்டுச் சட்டம் கலைத்தது. பணி மறைந்தது, பெயர் மட்டும் ஓர் உணர்ச்சியின் அடையாளமாக எஞ்சியது.

மாற்றத்தின் நுட்பத்தை இரண்டு வழிபாட்டு நூல்கள் காட்டுகின்றன. ஆங்கிலத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில், அடக்கத்தின்போது குரு தம் கையாலேயே உடல்மீது மண்ணிடுகிறார். இறந்தவரை நேராக முன்னிலையில் விளித்து, அவர் ஆன்மாவை இறைவனிடமும் உடலை மண்ணிடமும் ஒப்படைக்கிறார். மூன்றே ஆண்டுகளில், 1552ஆம் ஆண்டு நூலில், மண்ணிடுவோர் அருகில் நிற்பவர்கள். குருவின் சொற்களோ இறந்தவரைச் சகோதரராகப் படர்க்கையில் குறிப்பிட்டு, கூடியிருப்போர் காதில் விழும்படி அமைந்துள்ளன. ஆன்மாவை இறைவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். மனிதர் ஒப்படைப்பதற்கு உடல் மட்டுமே மிச்சம். 1662ஆம் ஆண்டு நூலும் படர்க்கையையே நிலைநிறுத்தியது. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 1992இல் வெளியிட்ட ஆய்வில் இத்திருப்பத்தைச் சுட்டி, இறந்தோர் சமூகத்தின் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டனர் என்று காட்டினார். அவர் கண்டது சமயத்தின் மாற்றம். அதே மாற்றம் மொழியிலும் தொடர்ந்தது என்பதே இங்கு சேர்க்க விரும்புவது.

இறந்தவரிடம் பேச இயலாதபோது, துயரமொழி எஞ்சியிருப்போரையே நோக்குகிறது. உடன் வருந்துதல் என்னும் பொருள் கொண்ட 'கண்டோலன்ஸ்' 1600ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்தில் வேர்கொண்டது. அது முற்றிலும் உயிரோடிருப்பவருக்கான சொல். 'பிரீவ்' என்னும் பழஞ்சொல்லின் போக்கும் இதற்கு இணங்குகிறது. எதையும் கொள்ளையிடுதல் என்று பரந்த பொருளில் வழங்கிய அது, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் உயிர், நம்பிக்கை, உற்றார் போன்றவற்றின் இழப்புக்கே பெரிதும் உரியதாயிற்று. அங்கே பறிகொடுத்தவரே பேசுபொருள். பறிபோனவர் வாக்கியத்திற்கு வெளியே நிற்கிறார். இச்சொற்கள் வழிபாட்டு நூலால் பிறந்தவை என்று சொல்லவில்லை. இறந்தவர் விலகிய வெளியில் அவை எளிதாகப் பரவின என்பதே என் கருத்து.

ஆங்கில இரங்கற்பாக்கள் இறந்தவரை ஓயாமல் விளிக்கின்றனவே என்று ஒருவர் மறுக்கலாம். பென் ஜான்சன் 1603இல் கொள்ளைநோய்க்குப் பலியான தம் ஏழு வயது மகனிடம் பேசுகிறார். டென்னிசன் 1833இல் மாண்ட நண்பர் ஹாலமை 1850இல் வெளியிட்ட நெடும்பாடலில் அழைத்துக்கொண்டேயிருக்கிறார். இது கிரேக்க, லத்தீன் மரபின் தொடர்ச்சி என்பதும் உண்மை. ஆனால் மரபு கையில் இருப்பதால் மட்டும் அது உயிர்பெறுவதில்லை. அதற்கொரு தேவை வேண்டும். ஹென்றி கிங்கை எடுத்துக்கொள்வோம். அவர் ஆங்கிலத் திருச்சபைக் குரு. பின்னாளில் சிச்செஸ்டர் ஆயர். அவர் சபையின் அடக்க முறையில் இறந்தவரை விளிக்க இடமில்லை. 1624இல் மாண்ட மனைவிக்கு எழுதிய இரங்கற்பாவிலோ, தானும் அவளை நோக்கி வந்துகொண்டிருப்பதாக அவளிடமே சொல்கிறார். கல்லறையருகே மறுக்கப்பட்ட முன்னிலையை ஒரே மனிதர் கவிதையில் மீட்டுக்கொள்கிறார். எனவே இரங்கற்பா என் வாதத்தை முறிக்கவில்லை. விளி எங்கே குடியேறியது என்பதைக் காட்டுகிறது.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலியது. கத்தோலிக்க அயர்லாந்திலும் பெண்களின் இழவுப் பாடலைத் திருச்சபை கண்டித்தது. ஆகவே சீர்திருத்தச் சமயத்தை மட்டும் காரணமாக்கலாமா? ஆக்க முடியாது. அழுகையை ஒழுங்குக்குள் கொண்டுவரும் விருப்பம் இரு தரப்புக்கும் பொது. ஆனால் அங்கே கண்டிக்கப்பட்டது மக்களின் பாடல். இறந்தோருக்கான செபம் அப்படியே நின்றது. இங்கிலாந்தில் அதிகாரபூர்வமான முன்னிலையே நீங்கியது. சட்டம் நீக்கியதை மனம் நீக்கவில்லை என்பதற்கு முதல் உலகப்போர் சான்று. போர்க்கல்லறை ஆணையம் கல்லறைக் கல்லில் குடும்பத்தாருக்கு அளித்த 66 எழுத்து இடத்திற்குள் சிலர் மகனை நேராக விளித்தே எழுதினர். இறந்தோருக்கான செபத்துக்கு இடமளித்த திருத்திய வழிபாட்டு நூலை 1927இலும் 1928இலும் நாடாளுமன்றம் நிராகரித்தது. மக்கள் விருப்பமும் சபை வழக்கும் அதுவரை ஒன்றவில்லை.

ஆகவே ஆங்கிலேயர் துயரை அடக்குபவர்கள், அவர்கள் மொழி வறண்டது என்னும் பொதுக்கூற்றைக் கைவிட வேண்டும். அம்மொழியில் துயரச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பொதுச் சடங்கில் இறந்தவரை விளிக்கும் உரிமைக்குத்தான் நெடுங்காலம் பஞ்சம். அகராதியின் வேர்ச்சொல் பட்டியல் இதைக் காட்டாது. ஒவ்வொரு சொல்லும் யார் வாயில், யாரை நோக்கி, எந்த இடத்தில் ஒலித்தது என்று தேடும் ஆய்வே காட்டும்.